மணி கட்டிய வில்லோடு ஞானக்கனி

சாத்தான்குளத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரியவர் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கருப்பட்டி வியாபாரி, ஞானக்கனியின் தகப்பனார்.

"பிள்ள போயிட்டா தாயீ. பாளையங்கோட்டையில காய்ச்சல்ல கெடந்தாளாம். நான் போய்ச் சேருததுக்குள்ள..." என்றார்.

உங்களில் அவளிடம் படித்தவர்களுக்கு அவள் டீச்சரம்மா. எனக்கோ, பாளையங்கோட்டை மிஷன் பெண்கள் பள்ளியில் ஒரே அறையில் தங்கி வேலை பார்த்த தோழி. மகா கோபக்காரி. காலையில் என்னோடு சண்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் அவளே வந்து தலைவாரி விடுவாள். அந்தச் சண்டைக்கு இப்போது ஏங்குகிறேன்.

பிள்ளைகளுக்கு அவள் சொன்ன கதைகளில் ஒரு வேட்டைத் தெய்வம் உண்டு. கிரேக்கர் ஆர்ட்டெமிஸ் என்றார்கள், ரோமர் டயானா என்றார்கள். சிறு பிள்ளையாக இருந்தபோதே தகப்பன் மடியில் ஏறி, "எனக்குக் கல்யாணம் வேண்டாம், மலைகளைக் கொடுங்கள்" என்று கேட்டவளாம். ஒரு வருஷம் பரிசளிப்பு விழாவுக்கு அதையே நாடகமாகப் போட்டாள். தெய்வம் அவள், பனந்தும்புத் தாடியோடு தகப்பன் நான்.

வில்லை ஒரு வில்லுப்பாட்டுக்காரரிடம் இரவல் வாங்கினோம். மணிகளைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை.

"ஏட்டி, இந்தச் சத்தத்துக்கு மானெல்லாம் ஓடிரும்லா?" என்றேன்.

"ஓடட்டும். அவ வேட்டைக்காரி மட்டுமா? குட்டி மானுக்கெல்லாம் காவலும் அவதான்."

மிஷன் மேடையில் கோயில் வில்லா என்று சிலர் முணுமுணுத்தார்கள். "ஒங்ககிட்ட வேற வில்லு இருந்தாக் குடுங்க" என்று அவர்கள் வாயை அடைத்தாள்.

அப்படிப்பட்டவளுக்கும் ஒருவரிடம் மட்டும் வாய் வரவில்லை. தகப்பனார் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் பேச்சு. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் கல்யாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிப்பதாக ஏற்பாடு. "ஐயா மொகத்தப் பாத்தா எனக்கு நாக்கு எழும்பல, ட்டி" என்று அறையில் அழுதாள்.

விழாவுக்குத் தகப்பனார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் அவள் என் முன் மண்டியிட்டாள். பிறகு என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எனக்குக் கலியாணம் வேண்டாம். இந்தப் பிள்ளைங்க போதும்."

வசனத்தில் மலைகள்தான் உண்டு, பிள்ளைகள் இல்லை. அவள் கை நடுங்கியதில் வில்லின் மணிகள் ஓயாமல் ஒலித்தன. "தந்தேன் மகளே" என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. நான் வாய் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"சரி பிள்ள, அழாத. ஓலை வாசிக்க வேண்டாம்னு நான் சொல்லிருதேன்."

அதுவும் நாடகம் என்று நினைத்துச் சபை கைதட்டியது.

அந்த மனிதர்தான் இன்று என் முன்னால் நின்று கேட்டார்: "அன்னைக்கு நான் சரின்னு சொன்னது தப்பா தாயீ? ஒரு குஞ்சு குழந்தை இல்லாமப் போயிட்டாளே."

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன், ஐயா. அது என் வசனம்லா" என்றேன். துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அவளுடைய பெட்டியும் புத்தகங்களும் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும். எனக்கு அந்த மணிச்சத்தம் போதும். மணிச்சத்தத்துக்கு மான் ஓடிவிடும் என்றேன் அன்று. இன்று தெருவில் வண்டிமாட்டுக் கழுத்து மணி கேட்டால் நான் வாசலுக்கு ஓடுகிறேன், அவள்தான் வருகிறாளோ என்று.