அண்ணன் விட்டுப்போன மைல்

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் லீவில் ஊருக்கு வந்து தன் பழைய செல்போனை என் கையில் திணித்தபோது, ஏதோ சொத்தை எழுதி வைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "மேப் சூப்பரா வேல செய்யும்ட்டி, ஒராள்ட்டயும் வழி கேக்காண்டாம்" என்றான். பாவி, அவன் அங்கே கார் ஓட்டியபோது வைத்திருந்தபடியேதான் அந்த மேப் இருந்தது. மாற்றிக் கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. சென்னைப் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்து, காண்ட்ராக்டில் ஒரு கம்பெனியின் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். காலை ஒன்பது மணிக்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் இறக்கிவிட்டபோது ஒன்பதுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மேப்பைப் பார்த்தேன். 1.8 என்றிருந்தது. இவ்வளவுதானா என்று நிதானமாக ஒரு டீ குடித்தேன்.

டீக்கடை வாசலில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் கூப்பிட்டார். "இன்னா மா, நடந்தா போற? தூரம் கீது, ஏறிக்கோ."

"எவ்வளவு தூரம்ணே?"

"ஆறு கம்பெனி தாண்டணும்."

இந்த ஊரில் யாரும் கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். கம்பெனி கணக்குதான். ஒரு கம்பெனி மதில் கண்ணுக்கெட்டிய தூரம் போகும், இன்னொன்று நாலு எட்டில் முடிந்துவிடும். இதையெல்லாம் ஒரு அளவு என்று எவன் வைத்தானோ! செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இங்க ஒண்ணு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கு. யாருட்ட கத விடுதீய?"

"அப்போ அத்தயே கேட்டுகினு போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடந்தேன். லாரிகள் புழுதியை வாரி மூஞ்சியில் அடித்தன. மூன்றாவது கம்பெனி மதில் முடிவேனா என்று நின்றது. வெகுநேரம் கழித்துப் பார்த்தால் மேப்பில் இன்னும் 0.9. அப்போதுதான் எண்ணுக்குப் பின்னால் கொசு மாதிரி ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்தேன். கிலோமீட்டர் இல்லை, மைல்! ஒரகடத்தில் எவனுக்கு வேண்டும் மைல்? இந்தா பெண்ணே, உனக்கு மைலா, கிலோமீட்டரா என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டால் அந்த மேப்புக்கு வாய் வெந்துவிடுமா?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கேட் மூடியிருந்தது.

"பேர் கூப்ட்டு எல்லாரையும் உள்ள இட்டுகினு பூட்டாங்க மா. இனிமே வுட்டா என் வேல பூடும்" என்றார் செக்யூரிட்டி. கெஞ்சினேன், அழுதேன். அவர் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரத் தெம்பில்லை. அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டினேன். அதே ஆள். ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். கேட்டிருந்தால் கடித்திருப்பேன்.

உட்கார்ந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்! "ஏட்டி, செட்டிங்ஸ்ல போயி கிலோமீட்டர்னு மாத்தணும். ரெண்டு செகண்ட் வேல."

"அந்த ரெண்டு செகண்ட் ஒனக்கு இல்லாமப் போச்சுல்லா? இருந்திருந்தா நான் இப்ப கேட்டுக்கு உள்ள இருந்திருப்பேன்" என்றேன். அவன் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போதும் என்று போனை வைத்தேன்.

மாதக் கடைசியில் ரூமைக் காலி செய்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த செட்டிங்ஸைத் தேடிப் பிடித்து மாற்றினேன். ஊர்ப் பெயரை அடித்தேன். அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று காட்டியது. வீட்டுக்குப் போக மட்டும் சனியன் சரியாகச் சொன்னது.