கல்யாணப் புடவைக்கு என்ன பிரச்சினை?

அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆரணியில் எனக்குப் பட்டுப்புடவைக் கடை. வியாபாரம் மந்தமானபோது, செல்போனில் கோட்டு சூட்டோடு வீடியோ போடும் ஒரு பிசினஸ் கோச்சின் பேச்சில் மயங்கினேன். யார், என்ன என்று விசாரிக்காமல் பணம் கட்டி அவர் வகுப்பில் சேர்ந்தேன்.

"புடவையைக் காட்டாதீங்க. முதல்ல கஸ்டமரோட பிரச்சினையைக் கேளுங்க" என்றார்.

மறுநாளே போளூரிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தது. மணப்பெண்ணின் அம்மா பாயில் உட்கார்ந்ததும், பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டேன்: "உங்க பிரச்சினை என்னங்க?"

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "நல்ல காரியத்துக்கு வந்துகீறோம். வாயத் தொறந்ததுமே பிரச்சினைன்றியேப்பா?"

குடும்பமே எழுந்தது. கெஞ்சிக்கொண்டே வாசல்வரை ஓடினேன். எதிர்க்கடைக்குள் போய்விட்டார்கள்.

ஆத்திரத்தோடு கோச்சுக்குப் போன் செய்தேன். "சார், நீங்க என்னிக்காவது புடவைக் கடையில உக்காந்து பாத்துகீறீங்களா?"

"அவசியமே இல்லைங்க. எல்லா பிசினஸும் ஒண்ணுதான்" என்று வைத்துவிட்டார்.

கல்லாவில் இருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டியூப்லைட்டுல கலரு தெரியாது, வாசலுக்கு எடுத்துகினு போய்ப் பாருங்கன்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்றீங்களே. இந்த ஆள எந்த வெளிச்சத்துல பாத்து எடுத்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் கையிலிருந்த செல்போன் திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. கோச்சின் புது வீடியோ வந்திருந்தது.