கடற்காற்று வராத வாரம்

முதலியார்பேட்டை சாராயக்கடை வாசலில் ஒரு போலீஸ் ஏட்டையா தினமும் பிற்பகலில் சிவப்புத் தொப்பியைக் கழற்றி, வியர்த்த வழுக்கைத் தலையைக் கடல் பக்கம் திருப்பி நிற்பார். காற்று வந்தால் போய்விடுவார். வராவிட்டால், தெருக்குழாயில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்காருவார்.

எண்பதுகளில் ஒரு கோடை. ஒரு வாரமாகக் கடற்காற்றே இல்லை. அந்தக் கடை வாசலில் ஏதோ ஒரு சொல்லுக்காக, பக்கத்து இளநீர்க்காரரின் கத்தியை எடுத்து என் அண்ணன்மேல் ஓங்கிவிட்டேன். ஒரு வாளித் தண்ணீர் என் தலையில் விழுந்தது. அடுத்தது அண்ணன் தலையில். கத்தி ஏட்டையா கையில் இருந்தது.

"கேஸ் போடுவீங்களா?" கேட்டேன்.

"வெயில் மேல எந்த செக்‌ஷன்ல போடுறது? ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்கடா."

அண்ணனுக்கு இப்போது எழுபது வயது. அந்த வயதை அவருக்குக் கொடுத்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.