பதினொரு மணி வரைக்கும் ஒரு சோபா

"வாற ஆக்களை எங்கையப்பா இருத்துறது?"

வெள்ளம் வடிந்த நாள் தொட்டு இரஞ்சிதத்தின் வாயில் இந்த ஒரு கேள்விதான். காலையில் பல் துலக்கும்போது கேட்பாள். இரவு வெறும் தரையில் போர்வையை நாலாக மடித்துப் போடும்போதும் கேட்பாள். எங்கே படுப்பது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கணவர் கணேசலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஆர் வரப்போகினம்?" என்று முனகினால், "வந்தா?" என்பாள்.

1978 மார்ச்சில், அவர்கள் ஊர்விட்டு வந்து குடியேறியிருந்த பிளாக்டவுன் பக்கத்து ஓடை ஒன்று ஒரே பின்னேரத்தில் அவர்கள் வீட்டுக்குள் முழங்காலளவு ஏறி நின்றது. கட்டில், மெத்தை, பிரிட்ஜ், வருபவர்கள் இருக்கிற ஆறு கதிரை எல்லாம் சேற்றில் ஊறி, வாசலில் குவிந்து, நகரசபை லொறியில் ஏறிப் போய்விட்டன. கணேசலிங்கம் அரசாங்க வெள்ள நிவாரணத்துக்கு எழுதிப் போட்டார். அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் கட்டிலும் பிரிட்ஜும் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவாராம்.

இவ்வளவு சேதியில் இரஞ்சிதத்தின் காதில் ஏறியது ஒரே ஒரு சொல். வருகிறார்.

அவள் வீட்டுக்கு வந்த எவரும் இருந்து சாப்பிடாமல் போனதில்லை. மீற்றர் பார்க்க வந்தவர் செத்தல் மிளகாயைக் கடித்துவிட்டு, கண்ணீரோடு நன்றி சொல்லிப் போனார். தபால்காரரோ, தெருவில் மற்ற வீடுகளையெல்லாம் முடித்துவிட்டு இவள் வீட்டுக்குக் கடைசியாக, அவசரமில்லாமல் ஆறுதலாக வருவார். அப்படிப்பட்டவளிடம் அரசாங்கமே வருகிறது என்றால்?

மூன்று நாள் தேய்த்தாள். தரை கண்ணாடியாயிற்று. சேற்று மணம் சாம்பிராணிப் புகையில் ஓடிவிட்டது. எவ்வளவு உரஞ்சியும் போகாதது சுவரில் தண்ணீர் நின்ற கறுப்புக் கோடு ஒன்றுதான். அடுத்த தெருத் தமிழ்ப் பெடியன் சிறிதரன் வீட்டுப் பச்சைச் சோபாவை இரவல் வாங்கி, அதையும் மறைத்தாள். அவன் வீட்டுக்கும் அதே வியாழன் விருந்தாட்கள். அதனால் பதினொரு மணிக்குத் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. திரைச்சீலை சிநேகிதி பவளத்தினுடையது. கோப்பைகள் இன்னொரு சிநேகிதி யோகாவினுடையவை.

சிவப்புத் தாடி வைத்த இளம் வெள்ளைக்கார அதிகாரி வந்து சோபாவில் அமிழ்ந்தார். சுற்றிலும் பார்த்தார். வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று விலாசத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு படிவத்தில் எழுதத் தொடங்கினார். தரை, நல்ல நிலை. தளபாடம், நல்ல நிலை. ஒவ்வொரு 'நல்ல நிலை'க்கும் கணேசலிங்கத்தின் இடுப்பு ஒருமுறை சுண்டி இழுத்தது.

"இரவல் எண்டு சொல்லுவமப்பா," என்று கெஞ்சினார்.

"அந்த மனுசன் இருக்கேக்கையே, நீர் இருக்கிற சோபா இரவல் எண்டு அவருக்குச் சொல்லுறதோ? பேசாமல் இருங்கோ."

அவரே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் அதில் ஒரு வடையை வைத்தாள். அதிகாரியிடம் திரும்பி, "ஈட், ஈட்," என்றாள். அவரும் மூன்றாவது வடையை முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

எந்த விழாவுக்கும் ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிற சிறிதரன் அன்றைக்கென்று பார்த்துச் சரியாகப் பதினொன்றுக்கு வான் வண்டியோடு வந்து இறங்கினான். உள்ளே வந்தவன், "சொறி மேட், இது என்ர சோபா," என்றான் இங்கிலீசில். அதிகாரி எழும்பினார். கணேசலிங்கத்தால் குனிய முடியாதென்று கண்டு, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சோபாவின் மற்றப் பக்கத்தைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது சுவரின் கறுப்புக் கோடு அவருக்காகக் காத்திருந்தது.

வேறென்ன இரவல் என்று கேட்டார். கணேசலிங்கத்தின் விரல் திரைச்சீலைக்குப் போயிற்று, கோப்பைக்குப் போயிற்று, கடைசியில் மிச்ச வடை இருந்த தட்டுக்கும் போயிற்று. இரஞ்சிதம் கணவரைப் பார்த்த பார்வையில் அந்த விரல் மெல்ல மடங்கியது.

அதிகாரி வெறும் தரையில் சப்பணம் கட்டி இருந்துகொண்டு, எழுதிய 'நல்ல நிலை'களை ஒவ்வொன்றாக வெட்டினார். கட்டில் இல்லை என்று எழுதினார். கதிரை இல்லை என்று எழுதினார். இரஞ்சிதத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தான் இரவில் விரிக்கும் போர்வையைக் கொண்டுவந்து மடித்து, அவர் பக்கத்தில் போட்டு, அதில் ஏறி இருக்கும்படி கையைக் காட்டினாள். அவர் சிரித்தார். ஏன் அம்மா இதை முதலே சொல்லவில்லை, இன்னும் ஒரு நிமிடத்தில் ஒன்றும் கிடைக்காமல் போயிருக்குமே என்றார். கணேசலிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

இரஞ்சிதம் தட்டை அதிகாரியின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"இங்கிலீசிலை வடிவாச் சொல்லுங்கோ அவருக்கு. வீட்டுக்கு வந்த மனுசனை நிலத்திலை இருத்திப்போட்டு, எனக்குக் கதிரை தா எண்டு கேக்கிற பழக்கம் என்னட்டை இல்லை. வெள்ளம் பாக்கிறதெண்டால் சொல்லாமல் வந்திருக்கவேணும். சொல்லிப்போட்டு வந்தால் வடைதான் பாக்கலாம்."