சேவலுக்கு விட்ட வழி

“தங்கச்சி, நீர் கட்டுற கோழிக்கூட்டுக்குள்ள கீரி மட்டும்தான் நிம்மதியா இருக்கும், பாரும்.”

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னது இது. நான் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றேன். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை. ஒரு கூடு கட்ட வராதா என்று நினைத்தேன்.

வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள்ளிருந்து வந்த கீரி அம்மாவின் கோழியொன்றைப் பட்டப்பகலில் கொண்டுபோயிருந்தது. மிச்சம் நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும். அம்மா வீட்டுவேலைக்குப் போனால் பகலில் பார்க்க ஆளில்லை. புறக்கோட்டையில் தடித்த சதுரக்கண் கம்பிவலை வாங்கினேன். கீரி தோண்டும் என்பதால் வலையை முழங்கை ஆழத்துக்குப் புதைத்து, அடிப்பக்கத்தை வெளிப்புறமாக மடித்து, மேலே உடைந்த ஓடு போட்டு மிதித்தேன். கூரைக்கும் வலை. கதவுக்கு முறுக்கித் திறக்கும் கொக்கி. இரண்டு விரல் போகும் இடைவெளி கீரிக்குப் போதும் என்று அக்காவுக்கு மதிலடியில் வகுப்பே எடுத்தேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறை.

“சேவல பகல்ல அடைக்காத, புள்ள. அது சாமிக்கு நேர்ந்தது.”

“கீரிக்கு அது தெரியுமா, அம்மா?”

“ஒனக்காகத்தானே நேர்ந்தேன்.”

எனக்கு வேலை கிடைத்தால் காளி கோயிலில் ஒரு சேவலை உயிரோடு விடுவதாக அம்மாவின் நேர்த்தி. வேலை கிடைத்து வருடமாகப் போகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் கேட்பார். அலுவலகத்தில் வேலை கூட என்பேன். உண்மையில், சேவல் கூடையோடு நான் பஸ் ஏறுவதை அலுவலகத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

வெளியே விட்ட சேவல் வலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அதனால், அது மட்டும் உள்ளே வந்து போக, கொழுத்த பெட்டைகள் ஏறாத உயரத்தில் வலையில் ஒரு சதுரம் வெட்டி, தள்ளினால் திறக்கும் பலகை மாட்டினேன். கீரிக்கும் அது போதும் என்று தெரியும். கோயிலுக்குத்தான் போகவில்லை, இதையாவது அம்மாவுக்குச் செய்வோம் என்று வெட்டினேன்.

போன வாரம் நான் வேலையில் இருந்தபோது அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“கோழியெல்லாம் கத்துது. உம்மட கொக்கி எனக்குத் திறக்க வருதில்லை, தங்கச்சி.”

நான் சொல்லச் சொல்ல அவர் முறுக்கினார். கொக்கி திறக்குமுன் சத்தம் நின்றுவிட்டது. வலையைப் பிடித்து ஏறிய கீரி, சேவலின் வழியாலேயே உள்ளே போயிருந்தது. ஓட இடமில்லாமல் நான்கு பெட்டைகளும் ஒரே மூலையில் கிடந்தன. அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தேன். சேவல் மதிலில் நின்றது.

நான் வேலையிலிருந்து ஓடி வந்தேன். அம்மா வந்ததும் முதலில் சேவலைத் தேடினார். தூக்கி மடியில் வைத்துத் தடவினார்.

“கோழி போனா வாங்கிக்கலாம். இது போயிருந்தா ஒனக்கு என்னா ஆகியிருக்கும்?”

அந்த நிம்மதியான முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். புதைக்கக் குழி வெட்டப் போனபோது மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கி அவரே வெட்டினார். குஞ்சிலிருந்து வளர்த்தவை. நேரத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்தால் அந்தச் சதுரத்துக்கே தேவை இருந்திருக்காது. அம்மா இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தோன்றக்கூட இல்லை போலும்.

நேற்று அந்தச் சதுரத்தின் மேல் இரட்டை வலை வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். மேலாளரிடம், கோயிலில் சேவல் விடப் போகிறேன் என்றே சொல்லி லீவு கேட்டேன். இன்று காலை அம்மாவுடன் பஸ் ஏறினேன். கூடையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆமர் வீதியில் எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி ஏறி எதிரே நின்றாள்.

“கூடைக்குள்ள என்ன?”

“சேவல்,” என்று மூடியைத் தூக்கிக் காட்டினேன்.