கறிமீனுக்குப் போட்ட சிவப்புக்கோடு

எங்கள் கரை மீனுக்கு அறிவு புகட்ட ஒரு நிறுவனம் வந்தது. அதற்கு முன் எங்கள் மீன்கள் அறிவில்லாமல்தான் செத்துக்கொண்டிருந்தன.

கரை என்றால் பெரிய துறைமுகம் ஒன்றுமில்லை. வல்வெட்டித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையில், சில வள்ளங்கள் ஏறி இறங்கும் ஒரு துண்டு மணல். அதில் ஒரு வள்ளம் என் அண்ணையுடையது. நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இந்த இரண்டு குற்றங்களுக்காகவும் என்னைப் பிடித்து மொழிபெயர்ப்பாளராக்கிவிட்டார்கள்.

வந்த பொறியியலாளனின் தாய் தகப்பன் புத்தூர்க்காரர். அவன் பிறந்து வளர்ந்தது லண்டனில். தமிழில் 'வணக்கம்', 'நல்ல சாப்பாடு' இரண்டும் தெரியும். என்னை 'அன்ரி' என்பான். சப்பாத்தோடு மணலில் நடப்பான், நின்று நின்று சப்பாத்துக்குள் போன மணலைக் கொட்டுவான், மறுபடி அதையே மாட்டிக்கொள்வான். கழற்றிக் கையில் எடுக்கலாம் என்ற எண்ணம் கடைசிவரை அவனுக்கு வரவில்லை.

ஒவ்வொரு மீன்பெட்டியிலும் ஒரு வில்லை ஒட்டினார்கள். வில்லைக்குள் சிப். அதற்கு மின்கலம் கிடையாது. கரையில் நட்ட கம்பத்துக்குக் கிட்டப் போனால், கம்பம் விடும் வானொலி அலையில் விழித்துத் தன் இலக்கத்தைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். எங்கள் மீனவர் சங்கத் தலைவரும் அப்படித்தான். யாராவது பெரிய மனிதர் கிட்ட வந்தால் விழித்துத் தன் பதவியைச் சொல்லுவார், பிறகு தூங்குவார். ஆகவே அந்தத் தொழில்நுட்பம் எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

வில்லையோடு விடவில்லை. வள்ளத்துக்குள் மீனின் நிறையை உணர ஒரு கருவி, பெட்டிக்குள் வெப்பத்தை உணர ஒன்று, ஏலம் போடும் ஓலைக்கொட்டிலான வாடியில் ஒரு மின்தராசு, கரையைப் பார்த்து நட்ட பனங்குற்றியில் ஒரு கமரா. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கருவியும் பொய் சொல்லக்கூடும், எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்தால் உண்மை வந்துவிடும் என்றான் பொறியியலாளன். அதற்குத் தரவு இணைவு என்று பெயராம். அண்ணைக்கு அதை எப்படிச் சொல்வது?

"ஒடியல் கூழ் மாதிரி அண்ணை. எல்லாத்தையும் போட்டுக் கிண்டுறது" என்றேன்.

"அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றார் அண்ணை.

அந்தக் கூழ் முதலில் கக்கிய உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு மீன் வியாபாரி பெட்டியோடு புத்தூருக்குப் போய், மீனை விற்றுவிட்டு, அதே பெட்டியில் வெங்காயம் நிரப்பிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிவந்தான். எங்கள் ஊரில் வெறும் பெட்டியோடு யாரும் திரும்பமாட்டார்கள். பெட்டியை வாடித் தராசில் இறக்கியதும் கணினி பதறிப்போய், மீன் இரண்டு மடங்காகி, அழுகி, கடலை நோக்கித் திரும்பி வருகிறது என்று அறிவித்தது. பொறியியலாளன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். தன் பெற்றோரின் ஊர் வெங்காயத்தை அவன் அன்றுதான் முதன்முதலாய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வள்ளம் கரை தட்டியதும் நிற்கிறவர்கள் எல்லாரும் வந்து கைபோடுவார்கள். கயிற்றை இழுத்து, தோளைக் கொடுத்து, அலை எட்டாத இடம்வரை ஏற்றுவார்கள். கைபோட்டவருக்குக் கறிக்கு மீன் உண்டு. யாரும் கேட்பதில்லை, யாரும் நிறுப்பதில்லை. மீன் வாடிக்குப் போகும் முன்னரே வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டி பெட்டிக்குள் கையை விட்டு, வந்ததை அள்ளிப் போடுவார். அதுதான் கறிமீன்.

பக்கத்து வளவு அக்கா அந்தக் கறிமீனில்தான் அடுப்பு மூட்டுகிறவர். கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்காக யாரும் அவருக்கு மீன் கொடுக்கவில்லை. வள்ளம் இழுக்கும்போது "பிடி... இழு!" என்று குரல் கொடுப்பவர் அவர். அந்தக் குரலுக்குத்தான் எல்லாத் தோளும் ஒன்றாய் எழும்பும். உழைத்த மீனைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு நிமிர்ந்து நடந்து போவார். அப்படி நடந்து போகிறவரைப் பார்த்து யார் இரக்கப்பட முடியும்?

கணினிக்கு இது ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வள்ளத்தில் இருந்த நிறை வாடிக்கு வந்து சேரவில்லை என்பதுதான். சங்க மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவரில் ஒரு படம் விழுந்தது. படத்தில் ஒரு சிவப்புக்கோடு.

"கசிவு" என்றான் பொறியியலாளன். நிறையையும் வில்லையையும் கமராவையும் இணைத்துக் கசிவு எங்கே என்று கணினி தானாகவே கண்டுபிடித்ததாம். அடுத்த படத்தில் பக்கத்து வளவு அக்கா, தலைப்பை ஏந்தியபடி. முகத்தைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி. நல்லகாலம், அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

"கள்ளம்!" என்று தலைவர் விழித்துக்கொண்டார்.

அண்ணை எழும்பினார். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? அது கறிமீன். நான் குடுத்தது."

நான் மொழிபெயர்த்தேன். பொறியியலாளன் கெட்டவன் அல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிக் கலைத்துவிடலாம். நல்லவனாகவும் மடையனாகவும் ஒருசேர இருப்பவனை என்ன செய்வது? அவன் மகிழ்ந்துபோனான். அப்படியென்றால் இது திருட்டல்ல, உதவி என்றான். அந்த அம்மாவுக்கும் சிப் வைத்த ஓர் அட்டை கொடுத்துவிடலாம், அதைக் கம்பத்தில் காட்டினால் 'உதவி பெறுபவர்' என்று பதிந்து, அவருக்கான மீனைத் தராசே நிறுத்துவிடும் என்றான். சங்கம் கைதட்டியது. அவர்களில் பாதிப்பேர் அந்த அக்காவின் குரலுக்கு இழுத்தவர்கள்.

அட்டையைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டுமென்று அவன் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு, ரீச்சர்?"

சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"நான் வள்ளம் இழுக்கிறனான்" என்றார். குரல் உயரவே இல்லை. "பிச்சைக்கு நிக்கிறேல்லை. உந்த அட்டையைக் கொண்டுபோய் உங்கடை பெட்டியிலை ஒட்டச் சொல்லுங்கோ."

அடுத்த நாளிலிருந்து அவர் கரைக்கு வரவில்லை. மெல்ல மெல்ல மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். கமராவுக்கு முன்னால் முகத்தில் சிவப்புப் பெட்டி வாங்க யாருக்கு ஆசை? அண்ணையும் வள்ளத்தில் வந்த இரண்டு பேரும் நெஞ்சு வெடிக்க இழுத்தார்கள். சங்கத் தலைவர் மட்டும் வழக்கம்போல வீட்டுக்குப் பெரிய மீனாகப் பார்த்து எடுத்துப் போனார். கமரா அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

பிறகு வாடைக்காற்று தொடங்கியது. ஒரு காலை அண்ணையின் வள்ளம் அலைக்குள் குறுக்கே திரும்பிவிட்டது. மூன்று பேரும் கழுத்தளவு நுரையில் நின்று கத்துகிறார்கள். நான் கயிற்றைப் பிடித்தேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையின் பலம் அங்கே எதற்குக் காணும்? பொறியியலாளன் தன் கைக்கணினித் திரையை மழையில் நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"அந்தச் சனியனை வைச்சிட்டுப் பிடியடா தம்பி!" என்று அண்ணை கத்தினார். அதை நான் மொழிபெயர்த்தும் பார்த்தேன். அவன் திரையை வைக்க ஈரமில்லாத இடம் தேடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"பிடி... இழு!"

அக்கா ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். குரல் கேட்டு வாடிகளிலிருந்தும் வேலிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வள்ளம் நிமிர்ந்தது, ஏறியது. அண்ணை மூச்சு வாங்கியபடியே பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு நல்ல விளைமீனை அள்ளிக்கொண்டு திரும்பினார்.

அக்கா தலைப்பை ஏந்தவில்லை. இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். பனங்குற்றியிலிருந்த கமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "இருக்கட்டும் அண்ணை" என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராய்ப் போய்விட்டார்கள். அண்ணை மீனோடு அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாய் ஆத்திரம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் வாடியில் மீனை நிறுத்தார்கள். பொறியியலாளன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். கையில் இருந்த திரையில் பச்சைக்கோடு. கசிவு பூச்சியம். வள்ளத்தில் இருந்ததெல்லாம் அப்படியே தராசுக்கு வந்திருக்கிறதாம். இதை உங்கள் அண்ணைக்குச் சொல்லுங்கள் அன்ரி, அவர் சந்தோசப்படுவார் என்றான்.

அண்ணை நனைந்த சாரத்தோடு வள்ளத்தின் ஓரத்தில் இருந்தார். அந்த இரண்டு மீனும் இன்னும் அவர் கையில்தான் இருந்தன. அவை தராசுக்குப் போகவேயில்லை. கருவி அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார்.

நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"இண்டைக்கு எங்களிட்டை ஒருத்தரும் ஒண்டும் வாங்கேல்லையாம், அண்ணை."