முதுகில் நாடா வைத்த சட்டை

மாரக்காளின் கைகள் நாடா முடிந்துகொண்டிருந்தன. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார் ஆத்தப்பன். அவர் சட்டையின் முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை திறந்திருந்தது. அந்தத் திறப்பை மூட வரிசையாக வெள்ளை நாடாக்கள். முடிச்சு முதுகெலும்பின் மேல் விழக் கூடாது, விலாப்பக்கம் தள்ளி விழ வேண்டும். நடுவில் விழுந்தால் மல்லாந்து படுக்கும்போது அழுத்தும், அழுத்திய இடம் சிவக்கும், சிவந்தது புண்ணாகும். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை இந்த மாதிரிச் சின்னச் சின்னக் காரியம்தான்.

ஆரஞ்சு நிறத்தில் தலைமூடி வைத்த தடிச் சட்டை அது. ஏதோ குளிர் நாட்டுக்குப் போயிருக்க வேண்டியது. நெஞ்சில் அச்சடித்த எழுத்து கோணிக்கொண்டதால் ரிஜெக்ட் ஆகி, கரட்டணை செவ்வாய்ச் சந்தையில் வந்து குவிந்தது. கரட்டணை உடுமலைக்குத் தெற்கே, மலை அடிவாரத்தில், ஏரி போல விரிந்து கிடக்கும் அணையை ஒட்டிய சின்ன ஊர். ஐப்பசி பிறந்தால் மேகம் மலையை விட்டிறங்கித் தண்ணீர் மேல் உட்கார்ந்துகொள்ளும், துவைத்த துணி காயாமல் நாறும், கிழவர்களுக்கு நெஞ்சுச் சளி கட்டும். பேருந்து நிலையத்து டீக்கடைக்காரரிலிருந்து கோயில் பூசாரி வரை பாதி ஊர் அந்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு திரிந்தது. மாரக்காளும் வீட்டுக்காரருக்கு ஒன்று வாங்கினாள். ஆனால் படுத்திருப்பவருக்குத் தலை வழியாகச் சட்டை மாட்டுவது இருவருக்கும் தண்டனை. கத்தரியை எடுத்து முதுகை நடுவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, நாடா வைத்துவிட்டாள். ஊரில் அப்படி ஒரு சட்டை அது ஒன்றுதான்.

"இருமல் இருந்தா அங்கமுத்தண்ணன்கிட்டச் சொல்லுங்க. சுடுதண்ணி வெச்சுக் குடுப்பாரு."

"செரி புள்ள."

"நாளைக்குக் கீர்த்தனா வந்துருவா. அப்பறம் கவலையில்லீங்க."

ஆத்தப்பன் சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

போன வருஷம் ஆடியில், திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டில் நிட்டிங் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அன்றிலிருந்து படுக்கை. பேச்சு திரும்பிவிட்டது, கையும் ஓரளவு வந்துவிட்டது. மனசு வைத்தால் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாரக்காள் தோள் கொடுத்து நிறுத்தும்போதெல்லாம் ஆத்தப்பன், "கால் வரலியே புள்ள" என்று சாய்ந்துவிடுவார். அவளும் மேலே வற்புறுத்தவில்லை. குளிப்பாட்டுவாள், புரட்டிப் போடுவாள், பெட்பேன் வைத்து எடுப்பாள், பிறகு உடுமலை ரோட்டில் இருக்கும் அதே கம்பெனியின் கிளை யூனிட்டுக்கு வேன் ஏறுவாள். அங்கே அவளுக்குச் செக்கிங் வேலை. விளக்கு வெளிச்சத்தில் துணியை விரித்து, ஓட்டையும் விட்டுப்போன தையலும் எங்கே என்று பார்ப்பது.

இத்தனை மாதத்தில் அவர் உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. வீடு தேடி வந்த நர்ஸம்மா குதிகாலைத் தொட்டுப் பார்த்து, "ஆஸ்பத்திரியில கூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாரக்காள் வாழ்க்கையில் பெருமைப்பட்ட விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

பகலில் பக்கத்து வீட்டு அங்கமுத்துதான் பார்த்துக்கொண்டார். மனைவியை இழந்தவர், வேலை வெட்டி இல்லாதவர், அணையில் தூண்டில் போடுபவர். மதியம் வந்து சோறு ஊட்டுவார். பல நாள் சாயங்காலம் அடுப்படியில் ஜிலேபி மீன் வைத்துவிட்டுப் போயிருப்பார். மாரக்காள் குழம்பு வைத்து, முள் எடுத்து, வீட்டுக்காரருக்கு ஊட்டுவாள். அந்த அங்கமுத்து, காங்கேயத்தில் மகன் வீட்டோடு போய்விடப் போவதாகத் திடீரென்று சொல்லிவிட்டார். வேறு ஆள் வைக்க வழியில்லை. மாரக்காள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அதனால் நேற்றுச் சாயங்காலம் இதே கட்டிலோரம் உட்கார்ந்து, கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் நர்ஸிங் படிக்கும் மகளைப் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிட்டாள். "படிப்பை நிறுத்திப்போட்டு வந்துரு கண்ணு. எனக்கு வேற வழி தெரியல." கீர்த்தனா, இன்று மதியம் பிரின்சிபாலைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாளைக்குப் பெட்டியோடு வருவதாகச் சொன்னாள். வைக்கும்போது குரல் உடைந்திருந்தது.

மாரக்காள் கடைசி முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

அன்றைக்கு யூனிட்டில் வேலை ஓடவில்லை. மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது, ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. சூப்பர்வைசர் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வெயில் ஏறும் முன்பே வேன் கரட்டணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. அணை வாய்க்காலில் தண்ணீர் பெருகி, தரைப்பாலத்தின் மேல் ஏறி ஓடியது. டிரைவர் செந்தில்வேல் வேனை ஓரம் கட்டினான்.

"தண்ணி வடியட்டும்க்கா. அது வரைக்கும் மலையப் பாருங்க, மேகத்தப் பாருங்க. காசு கேக்க மாட்டேன்."

"ஆமா, ஊட்டிக்கு டூர் வந்திருக்கோம்" என்றாள் ராமாயி. சாத்தூர்ப் பக்கத்துக்காரி, மாரக்காளுக்கு அடுத்த டேபிள். கண்ணாடியைத் தள்ளி எட்டிப் பார்த்தவள் சிரித்தாள். "யக்கா, அந்தா பாரு. கரையில ஒருத்தரு உங்க ஊர் யூனிபாரத்தை மாட்டிக்கிட்டு மீன் பிடிக்காரு. சட்டையப் பின்பக்கமா கிழிச்சு வச்சிருக்காரு பாரேன். என்ன பேஷனோ!"

மாரக்காள் பார்த்தாள்.

கரையில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். இடது கால் லேசாக வெளியே திரும்பியிருந்தது. கையில் தூண்டில். ஆரஞ்சு முதுகின் நடுவே பிளவு. பிளவுக்கு மேல் வெள்ளை நாடாக்கள். எல்லா முடிச்சும் விலாப்பக்கம் தள்ளி, காலையில் அவள் போட்டது போட்டபடியே இருந்தன.

அவளுக்கு முதலில் தோன்றியது, யாரோ வீட்டுக்குள் புகுந்து அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பதுதான். கட்டிலில் மனுஷர் வெறும் உடம்போடு குளிரில் கிடப்பாரே என்று நெஞ்சு பதறியது. பிறகு அந்த ஆள் தூண்டிலை மாற்றிப் பிடிக்கத் திரும்பினார். மூக்கும் தாடையும் தெரிந்தன.

ராமாயியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளும் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறாள். தெய்வமே, நடக்கிறாரே என்று ஒரு நொடி மாரக்காளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அடுத்த நொடி, அவர் எத்தனை லாகவமாகக் குனிந்து புழுவை எடுத்துக் கொக்கியில் கோத்தார் என்பதைப் பார்த்தாள். இன்றைக்கு எழுந்த கால் இல்லை அது. பழகிய கால்.

"அண்ணா, கதவைத் தெறங்க" என்றாள் செந்தில்வேலிடம். தன்னைவிடச் சின்னவனை அண்ணா என்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஈரப் புல்லில் நடந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். கீழே பிளாஸ்டிக் வாளியில் இரண்டு ஜிலேபி மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் முள் எடுத்து ஊட்டிய மீன் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று அந்த வாளி சொன்னது.

"ஏனுங்க."

ஆத்தப்பன் திரும்பினார். பார்த்த மாத்திரத்தில் பொத்தென்று கீழே உட்கார்ந்துவிட்டார்.

"கால் வரலியே புள்ள…"

பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது.

"எந்திரிங்க" என்றாள் மாரக்காள். குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை. "வாளியை எடுத்துக்குங்க. மீன் செத்துப்போயிரும்."

அவர் முன்னே நடந்தார், அவள் பின்னே நடந்தாள். வழியெல்லாம் அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டு போனாள். படுத்தே கிடப்பவரின் குதிகால் குழந்தையுடையதைப் போல மெத்தென்று ஆகிவிடும். இந்தக் குதிகாலில் மண் ஏறிய வெடிப்பு இருந்தது. தினமும் எண்ணெய் தடவிய கை அவளுடையது. துணியில் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண்ணும் அவளுடையது. புண் வராமல் காத்தது யார் என்று இப்போது தெரிந்தது. அவர் கால்தான். நர்ஸம்மாவின் பாராட்டு கசந்தது.

வாசலில் அங்கமுத்து நின்றுகொண்டிருந்தார். இருவரும் நடந்து வருவதைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுபோச்சுங்களா அம்மிணி? எத்தனை தடவை சொன்னேன், சொல்லிப்போடப்பான்னு. கேக்கல. நான் காங்கேயம் போறேன்னு சொன்னதே அதுக்குத்தான். ஆளில்லைன்னா இவன் வாயைத் தொறந்துதானே ஆகோணும்? பொண்ணை வரச் சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கலீங்க."

"நீங்க சோறு ஊட்டுனீங்களேண்ணா?"

"ரெண்டு பேரும் சேந்து உக்காந்து தின்னோமுங்க" என்றார் அங்கமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே ஆத்தப்பன் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். கட்டிலில் உட்காரக் கூச்சமாக இருந்திருக்கும். கடைசியில் தரையில் உட்கார்ந்தார்.

"சித்திரையில கால் ஊன வந்துச்சு புள்ள. கீழ விழாம நடக்கப் பழகிட்டு உனக்குக் காட்டலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குன்னு பாத்துக் கம்பெனிலிருந்து வந்தாங்க. எந்திரிச்சா மறுபடியும் நைட் ஷிப்டு எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. அந்த மிஷின் சத்தத்தை நெனைச்சாலே இந்தப் பக்கம் மரத்துப்போகுது. அங்கதான் விழுந்தேன். இன்னொருக்கா அங்க நிக்க எனக்குப் பயம். அப்பறம் ஒவ்வொரு நாளும் சொல்லோணும்னு நெனைச்சு…"

"மீன் புடிச்சீங்க."

அவர் வாளியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

"பயம்னா பயமுன்னு சொல்லியிருக்கலாம். அந்த வேலை வேண்டாம்னு நானே சொல்லியிருப்பேன். நான் எடுத்த பீயும் மூத்திரமும் போகட்டுங்க, அதைக் கழுவிட்டா போச்சு. நேத்து இங்கதான் உக்காந்து புள்ளைக்குப் போன் பண்ணினேன். நீங்க கைக்கு எட்டற தூரத்துல கெடந்தீங்க. அவ அழுதது உங்களுக்கும் கேட்டுச்சு."

"வாய் வரைக்கும் வந்துச்சு புள்ள."

"வந்தது மீன் முள்ளுங்களா, தொண்டையிலயே நின்னுக்கறதுக்கு?"

வெளியே அங்கமுத்து தன்னையறியாமல் சிரித்துவிட்டு இருமினார். மாரக்காள் போனை எடுத்து எண்ணை அழுத்தி வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"மத்தியானத்துக்குள்ள அவ பிரின்சிபாலைப் பாத்துருவா. நீங்களே சொல்லுங்க."

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. "நீயே பேசு" என்று நீட்டினார். அவள் வாங்கவில்லை. அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையைப் போட்டு மீனை ஆய்ந்தாள். கை செதில் எடுத்தது, காது கூடத்தில் இருந்தது. அவர் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார். உலையில் அரிசி பொங்கும்போதுதான் அங்கே கீர்த்தனா போனை எடுத்தாள்.

"கண்ணு, அப்பன் பேசறேன். பிரின்சிபாலைப் பாத்துட்டியா?… வெளியதான் நிக்கறயா? உள்ள போகாத சாமி. போகாத. நான் நடக்கறேன் கண்ணு. ரொம்ப நாளா நடக்கறேன். சொல்லாம இருந்துட்டேன்."

"அம்மாகிட்டக் குடுங்க" என்றாள் கீர்த்தனா. மாரக்காள் மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"நெசமாம்மா?"

"நெசந்தான். கண்ணுல பாத்தேன்."

"நடிச்சாராம்மா? உன்னயப் பெட்பேன் எடுக்க வெச்சுட்டு?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ கிளாசுக்குப் போ."

அன்று மீன் குழம்பை ஆத்தப்பனே முள் எடுத்துத் தின்றார். ஒரு முள் தொண்டையில் சிக்கியது. மாரக்காள் சோற்று உருண்டையைக் காட்டி, "முழுங்குங்க, போயிரும்" என்றதோடு சரி.

மறுநாள் காலையில் அவள் கட்டிலின் ரப்பர் விரிப்பைக் கழுவி மடித்தாள். பெட்பேனைத் தேய்த்து வைத்தாள். இரண்டும் பஜார் மெடிக்கல் ஷாப்பில் வாடகைக்கு எடுத்தவை. ஆத்தப்பன் தானே குளித்துவிட்டு, சட்டையோடு வந்து முதுகைக் காட்டி நின்றார்.

"இதை மட்டும் முடிஞ்சு உடு புள்ள. எட்டாது."

"திருப்பிப் போட்டுக்குங்க. நாடா முன்னால வந்தா எட்டும்."

திருப்பிப் போட்டுக்கொண்டார். தலைமூடி தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. அவள் சிரிக்கவில்லை. பெட்பேனையும் விரிப்பையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மறைச்சு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"கழுவித்தான் வெச்சிருக்கேன். அப்படியே எடுத்துட்டு வாங்க."

பஜார் வழியாக இருவரும் நடந்தார்கள். டீக்கடையில் கிளாஸ் பிடித்த கைகள் பாதியில் நின்றன. "ஆத்தப்பாவா அது?" என்று யாரோ கேட்டார்கள். ஆத்தப்பன் குனிந்த தலை நிமிரவில்லை. கடையில் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேன் நிற்கும் இடம் வரை அவளோடு வந்தார்.

"மத்தியானச் சோறு நீங்களே ஆக்கிக்குங்க. பயமில்லாத வேலை எதுன்னு அங்கமுத்தண்ணன்கிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மாரக்காள் ஏறினாள். ராமாயி ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டாள். வேன் தரைப்பாலத்தில் மெதுவாக இறங்கும்போது, அவர் திரும்பி நடந்து போவது தெரிந்தது. மாரக்காள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"கீர்த்தனா, காலேஜுக்குக் கெளம்பிட்டியா? உங்க மேடத்துகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. நடக்கறப்ப எடது கால் வெளிய திரும்புது, கால் நுனி தரையில ஒரசுது. அதுக்கு என்ன பயிற்சின்னு கேளு. இல்ல, அப்பன்கூடப் பேசலை. இன்னும் சரியாப் பேசலை. நீ கேட்டுச் சொல்லு."